மலையும் மனையும்

உயிருக்கு ஊறு நேரும் என்று தெரிந்திருந்தும் வலிந்து மேற்கொள்ளப்படும் விளையாட்டுகள் இந்நாளில் பல்கியுள்ளன. செங்குத்தான பாறையிற் கயிறின்றி ஏறுவோரும், ஆகாய விமானத்தினின்று குதித்து நிலத்தை நெருங்குமளவும் குடையை விரிக்காதிருப்போரும், பனிச்சரிவிற் சறுக்கிப் பாய்வோரும் உளர். வியப்போர் இவர்களை வீரர் என்கின்றனர். வெறுப்போர் பேதையர் என்கின்றனர். தெய்வ நம்பிக்கையுடைய இளைஞன் ஒருவன் இவற்றில் இறங்கலாமா, இறங்கின் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் அவன் இறுக்கவேண்டிய கடன் யாது என்னும் வினாவோ அவ்விரு கூச்சலுக்கும் இடையே கேளாமற் போகின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொதுப்படப் பேசின் பேச்சு எல்லையின்றி நீளுமாதலின், ஒரு மலையையும் அதன்மீது ஏறிய சிலரையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். அம்மலை எவரெஸ்டு. ஏறியவருள் ஒருவர் நம் தமிழ் மண்ணாகிய நெய்யூரில் நெடுங்காலம் நோயாளருக்கு மருத்துவம் புரிந்தவர் என்பதும் இதனைத் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணமாகும்.

ஜார்ஜ் மாலரி 1886-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மாபர்லி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குருவானவர். ஏழு வயதிற் குறும்பு செய்தமைக்காக அறைக்குப் போகும்படி பணிக்கப்பட்ட சிறுவர், சிறிது நேரத்தில் ஆலயத்தின் கூரைமேல் ஏறி நின்றார் என்பர். வளர்ந்து கேம்பிரிட்ஜிற் கற்று, பள்ளியாசிரியராகி, 1914-ஆம் ஆண்டு ரூத் என்னும் நங்கையை மணந்தார். கிளேர், பெரிட்ஜ் என்னும் பெண்மக்கள் இருவரும், ஜான் என்னும் மகனும் பிறந்தனர். 1921-இல் எவரெஸ்டுக்கு வழிகாணச் சென்ற முதற்குழுவிலும், 1922-இல் ஏற முயன்ற குழுவிலும் இவர் இருந்தார். 1923-இல் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றச் சென்றபோது, அம்மலையில் ஏற விரும்புவது ஏன் என்று வினவியவருக்கு, அது அங்கே இருப்பதனால் என்று விடை கூறினார். உலகம் அவ்விடையை மிக மெச்சிக்கொண்டது. மலை அங்கே இருந்தது போலவே மனையும் மக்களும் இங்கே இருந்தனரன்றோ என்னும் எண்ணம் நமக்குத் தோன்றாமலில்லை.

1922-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் நிகழ்ந்ததை முதலிற் கூறவேண்டும். புதுப்பனி பெய்திருந்த நிலையில் மாலரியும், சோமர்வெல்லும், கிராபோர்டும், சுமையாளர் பதினால்வரும் வடகணவாயின் சரிவில் ஏறிக்கொண்டிருந்தனர். சரிவு பெயர்ந்தது. ஒன்பது சுமையாளர் அடித்துச் செல்லப்பட்டுப் பனிப்பிளவில் வீழ்ந்தனர். இருவர் உயிருடன் தோண்டி எடுக்கப்பட்டனர்; ஏழு பேர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மலையடியிலுள்ள ரோங்புக் மடத்தின் பௌத்தத் துறவியர் இறந்தவர்களுக்காக வழிபாடு நடத்தினர். மாலரி குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். சோமர்வெல்லின் நெஞ்சை வருத்தியது மற்றொன்று: இறந்தவர் அனைவரும் கூலிக்கு வந்தவராயிருக்கத் தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு அப்பனியில் ஏன் கிடக்கவில்லை என்று அவர் நொந்து எழுதினார். இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தன்னுயிரைப் பணயம் வைப்பதாக எண்ணுகின்றவன் பெரும்பாலும் தன்னுயிரை மட்டுமே வைப்பதில்லை. அந்த ஏழு பேருக்கும் வீடுகள் இருந்தன. மலையுச்சியின்மேல் அவர்களுக்கு யாதொரு வேட்கையும் இருந்ததில்லை.

தியோடர் ஹாவர்டு சோமர்வெல் அறுவை மருத்துவர். 1916-இல் சாம் போர்க்களத்தின் அருகே, படுகாயமுற்றோர் வரிசை வரிசையாகக் கிடந்த மருத்துவக் கூடாரங்களிற் பணி புரிந்தவர். 1922-ஆம் ஆண்டு மலையினின்று இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். திருவிதாங்கூரின் தென்கோடியில், இக்காலத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. அங்கே காத்துக்கிடந்த நோயாளரின் திரளையும், அவர்களுக்குப் போதாத கைகளையும் கண்டார். லண்டனில் தமக்கிருந்த உயர்பதவி வாய்ப்பைக் கைவிட்டு அவ்வூருக்கே தம் வாழ்நாளை ஒப்புவித்தார். அவர் மலையை வெறுத்து விடவுமில்லை. 1924-இல் மறுபடியும் ஏறச் சென்றார். பக்தி மிகுந்தவனுக்கு விளையாட்டு ஆகாது என்று வாதிப்போர் இவரை நோக்குவாராக.

மாலரிக்கு அவ்வாண்டுப் பயணம் எளிதில் முடிவாகவில்லை. கேம்பிரிட்ஜிற் புதிய வேலை கிடைத்திருந்தது. குடும்பம் அங்குப் புதுவீடு புகுந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவியுடன் புதுவாழ்வு தொடங்கவேண்டிய வேளையிற் பிரிவது பெரும் இழுபறியாயிருக்கிறது என்றும், தொடங்கிய காரியத்தை முடிக்கவேண்டும் என்னும் கடப்பாட்டையும் நோக்கவேண்டியிருக்கிறது என்றும் தந்தையாருக்கு எழுதினார். பொறுப்பற்ற மனிதர் இவ்வாறு எழுதமாட்டார். ஒரு கடமையை மற்றொரு கடமையால் நிறுத்துப் பார்த்தவர் அவர். தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதே நாம் ஆராயத்தக்கது. 1924 பெப்ருவரி 29-ஆம் நாள் லிவர்ப்பூலிற் கப்பலேறினார்.

மே மாதம் 24-ஆம் நாள். கடும்பனியில் நான்கு சுமையாளர் வடகணவாயின் மேற்பாசறையில் அகப்பட்டுக்கொண்டனர். கீழே இருந்தவர்கள் இருமலாலும் களைப்பாலும் நலிந்திருந்தனர். மேலே செல்வதால் உச்சியேறும் வலிமை குன்றும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆயினும் குழுத்தலைவர் நார்ட்டனும், மாலரியும், சோமர்வெல்லும் புறப்பட்டனர். இறுதியிலிருந்த அபாயமான சரிவைச் சோமர்வெல் இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு குறுக்கே கடக்க, மற்றையிருவரும் மறுமுனையைப் பற்றி நின்றனர். சுமையாளரை எட்டுதற்குச் சுமார் பத்துக் கெசம் இருக்கையில் கயிறு தீர்ந்துபோயிற்று. முதலிருவர் அவ்விடைவெளியைக் கடந்து வந்துவிட்டனர். பின்னிருவரோ காலிடறிச் சறுக்கிப் பாதாளத்தின் விளிம்பருகே தற்செயலாய்த் தங்கினர். அப்பொழுது சோமர்வெல் பனிக்கோடரியைப் பனியில் ஆழ ஊன்றி, தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதிற் சுற்றி, அதன் நுனியை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டி, ஒருவர்பின் ஒருவராக அவர்களைச் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்துக் கரையேற்றினார்.

ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டனும் சோமர்வெல்லும் ஆக்ஸிஜன் உதவியின்றியே உச்சியை நோக்கி ஏறினர். தொண்டை புண்ணாகி மூச்சுத் திணறிய சோமர்வெல் சுமார் 28,000 அடியில் நின்றுவிட்டார். நார்ட்டன் தனியே 28,126 அடிவரை சென்றார். இன்னும் ஆயிரம் அடிக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. கண் மங்கிற்று, கால் தளர்ந்தது, திரும்பிவிட்டார். இறங்கும் வழியிற் சோமர்வெல்லின் தொண்டை முற்றும் அடைபட்டது. இறப்பதற்கென்றே பனியில் அமர்ந்தவர், இரு கைகளாலும் மார்பை ஓங்கி அழுத்தவே, பனியாற் கருகிய தொண்டைச் சவ்வு பெயர்ந்து வெளிப்பட்டு உயிர் மீண்டது. கிளையின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஊக்கின் உயிருக்கே முடிவாம் என்று வள்ளுவர் வலியறிதலிற் கூறியதை நார்ட்டன் படித்திரார், ஆனால் அறிந்திருந்தார்.

மாலரி விடவில்லை. வெற்றிக்கு ஐம்பதில் ஒரு பங்கே வாய்ப்புண்டு என்று மனைவிக்கு எழுதிவிட்டு, ஆக்ஸ்போர்டு மாணவராகிய 22 வயது இர்வினை உடன்கொண்டு ஜூன் 8-ஆம் நாள் மேற்பாசறையினின்று புறப்பட்டார். சோமர்வெல் தம் சிறிய படக்கருவியை அவருக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பகல் 12-50 மணிக்கு மேகம் சற்றே விலகியபோது, இரு கரும்புள்ளிகள் மலைமுகட்டில் நகர்வதை ஒடெல் கண்டார். பின்னர் அவர்களை உயிருடன் கண்டவர் எவருமிலர்.

மே 24-க்கும் ஜூன் 8-க்கும் இடையே பதினைந்து நாட்கள். அதே மலை; அதே மனிதர்; அபாயமும் ஏறக்குறைய ஒன்றே. முதல் நாளில் மாலரி இறந்திருப்பின் ரூத் அம்மையாரின் துயரம் குறைந்திராது. ஆயினும் நான்கு உயிர்களை மீட்கப் போய் இறந்தார் என்று மக்களுக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாளில் அவர் போகாதிருந்தால் என்ன கெட்டிருக்கும்? மலை காத்திருந்திருக்கும். 1953 மே 29-ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் வரும்வரை அது காத்துத்தான் நின்றது. மே மாதத்தில் அகப்பட்டிருந்த சுமையாளர்களோ மற்றொரு நாள் காத்திருக்க இயலாதவர்கள். அபாயம் எவ்வளவு பெரிது என்று கேட்பதைவிட, நாம் போகாவிடின் யாருக்கு என்ன குறையும் என்று கேட்பதே நேரிய கேள்வி என்பது நம் துணிபு.

இனி விசுவாசத்தைப்பற்றி. ரோங்புக் மடத்துத் தலைவர் 1924-இலும் ஏறுவோரை ஆசீர்வதித்தார். மாண்டவர்களுக்காக அக்டோபர் 17-ஆம் நாள் லண்டன் தூய பவுல் பேராலயத்தில் அரசர் முன்னிலையில் ஆராதனை நடந்தது. மலையேற்றத்தையும் ஆன்மாவின் ஏற்றத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுதல் எச்சமயத்தாருக்கும் இனிக்கின்ற வழக்கம். அவ்வினிமையில் நாம் சிறிது எச்சரிக்கையாயிருத்தல் நன்று. மத்தேயு சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்திற் சோதனைக்காரன் இயேசுவானவரைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தித் தாழக் குதிக்கச் சொல்கிறான்; தூதர் தாங்குவர் என்னும் வேதவாக்கியத்தையே சான்றாகவும் காட்டுகிறான். அவரோ, கடவுளைப் பரீட்சை பார்த்தல் தகாது என்று மறுத்துவிடுகிறார். அவர் நம்பிக்கையிற் குறைந்தவரா? அல்லர். தந்தையின் அன்பை ஆராய்ந்து பார்க்கவேண்டிய ஐயம் அவருக்கு இல்லை. சோதித்துப் பார்ப்பவனே நம்பாதவன்.

மாலரி தேவதூதரை நம்பி ஏறினார் என்று நாம் சொல்லவில்லை. தம் காலையும் கையையும் நம்பியே ஏறினார். உப்பரிகையின் சோதனை அவரினும் நம்மவருக்கே மிக அண்மையில் உள்ளது. மோட்டார் சைக்கிளின் முகப்பில் திருவசனத்தை ஒட்டி, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, கர்த்தர் காப்பார் என்று பறக்கும் மாணவரை நம் கல்லூரி வாயிலிலேயே காண்கின்றோம். தலைக்கவசம் செய்யும் அறிவைக் கொடுத்தவரும் கர்த்தரே என்பது அவர்கள் நினைவிற்கு வருவதில்லை.

தந்தை தாயைப் பார்க்கினும் தம்மை நேசிக்கவேண்டும் என்று கிறிஸ்துவே சொல்லவில்லையா என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். சொன்னார். அவர் அழைத்தது தம்மைப் பின்பற்ற. உச்சியைக் காண அன்று. நெய்யூர் மருத்துவரும் நோயின் நடுவே வாழ்ந்தவர்தாமே, அவர் 1925-இல் மணந்த மனைவியாரும் பின்பு பிறந்த மக்களும் அவ்வபாயத்துக்கு உட்படவில்லையா எனின், உட்பட்டனர். ஆனால் அவ்வம்மையார் அவருடன் நெய்யூருக்கே வந்து வாழ்ந்தார். சுமையை இருவரும் சேர்ந்து தூக்கினர். சோமர்வெல் 1924-இல் மணமாகாதவர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அவரையும் மாலரியையும் ஒரே தட்டில் நிறுத்துத் தீர்ப்பளிப்பது முறையன்று. மேலும், மனைவி மக்களின் பெயரைச் சொல்லித் தம் அச்சத்தை மறைத்துக்கொண்டு, அயலான் வீடு தீப்பற்றியெரிந்தாலும் வாயிற்படி தாண்டாத குடும்பத்தலைவர்களும் நம்மிடையே உளர். இக்கட்டுரையை அவர்கள் தமக்குத் துணையாகக் கொள்ளற்க.

ரூத் அம்மையார் கணவரைத் தடுக்கவில்லை. இசைந்தே அனுப்பினார். மனைவியின் இசைவைக் கேட்டுப் பெறலாம். மூன்று வயது மகனின் இசைவை எங்ஙனம் பெறுவது? ஜூன் 19-ஆம் நாள் செய்தி கேம்பிரிட்ஜை அடைந்தது. தாய் மக்கள் மூவரையும் தம் படுக்கையில் அணைத்துக்கொண்டு கூற, நால்வரும் சேர்ந்து அழுதனர். அன்று எட்டு வயதினளாயிருந்த கிளேர் வளர்ந்து, கிளென் மில்லிக்கன் என்னும் விஞ்ஞானியை மணந்தார். 1947-ஆம் ஆண்டு அவரும் அமெரிக்காவிற் பாறையேறுகையில் விபத்துக்குள்ளாகி இறந்தார். கிளேர் அம்மையார் தம் தாயைப் போலவே மூன்று சிறுவரோடு கைம்பெண்ணாக நின்றார்.

ஈண்டு மற்றொன்றும் குறிக்கத்தக்கது. 1995 ஆகஸ்டு 13-ஆம் நாள் கே-2 மலையின் உச்சியினின்று இறங்குகையில் அலிசன் ஹார்க்ரீவ்ஸ் என்னும் ஆங்கில மாது இறந்தபோது, இரு குழந்தைகளின் தாய் இவ்வாறு செய்யலாமா என்று பத்திரிகைகள் பல கண்டித்தன. மாலரிக்காகத் தேசமே துக்கம் கொண்டாடிற்று. மூன்று குழந்தைகளின் தந்தை இவ்வாறு செய்யலாமா என்று கண்டிக்கும் குரல் எழவில்லை. கேள்வி நல்லதே; ஆண்மக்களை விட்டுவிட்டுப் பெண்ணொருத்தியிடம் மட்டும் அதனைக் கேட்டதே அநீதி. அலிசனின் மகன் டாமும் 2019-ஆம் ஆண்டு நங்கபர்பத மலையில் மாண்டார்.

சோமர்வெல் பல்லாண்டுகள் நெய்யூரிலும், பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றி 1975-இல் இயற்கை எய்தினார். மாலரியின் உடல் 1999 மே 1-ஆம் நாள் மலையின் வடமுகத்திற் கண்டெடுக்கப்பட்டது. சட்டைப்பையிற் கடிதங்கள் சிதையாமல் இருந்தன. சோமர்வெல்லின் படக்கருவி கிட்டவில்லை. உச்சியை அடைந்தால் மனைவியின் நிழற்படத்தை அங்கே வைப்பதாக அவர் சொல்லிச் சென்றதுண்டு; அப்படமும் உடலில் இல்லை. அதனைக் கொண்டு அவர் உச்சியை அடைந்திருக்கவேண்டும் என்று வாதிப்பாரும் உளர். நமக்கு அவ்வாதத்திற் பெரும் நாட்டமில்லை. அவருடைய மகன் ஜானின் மகனும் ஜார்ஜ் மாலரி என்னும் பெயரினரே. அவர் அவ்வுடல் கண்டெடுக்கப்படுவதற்கு நான்காண்டு முன்னர், 1995 மே 14-ஆம் நாள் அதே வடபுற வழியாக எவரெஸ்டின் உச்சியை அடைந்து, பாட்டனாரும் பாட்டியாரும் சேர்ந்திருந்த படமொன்றைப் பனியில் வைத்துவிட்டுப் பத்திரமாக இறங்கி வந்தார்.