மரக்குதிரையும் மென்பொருளும்

கணினி தானாக எதையும் செய்வதில்லை. அதற்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். எழுதவும் வரையவும் உதவும் மென்பொருள்கள் இருப்பது போலவே, திருடவும் அழிக்கவும் எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டு. அவை தீநிரல்கள் எனப்படும்.

தீநிரல்களுள் ஒருவகை 'டிரோஜன்' ஆகும். இப்பெயர் கிரேக்கப் பழங்கதையிலிருந்து வந்தது. டிராய் நகரத்தார் கோட்டைக்கு வெளியே நின்ற பெரிய மரக்குதிரையைத் தாமே உள்ளே இழுத்துச் சென்றனர். அதனுள் ஒளிந்திருந்த பகைவர் இரவில் வெளிவந்து கதவைத் திறந்துவிட, நகரம் வீழ்ந்தது. இவ்வகைத் தீநிரலும் பயனுள்ள மென்பொருள் போலவே தோன்றும்; பயனரே அதனை உள்ளே அழைத்துக்கொள்வார்.

1989ஆம் ஆண்டில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் அடங்கியது எனக் கூறி, ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. அதனை நிறுவிய கணினிகள் முதலில் வழக்கம்போல் இயங்கின. ஏறத்தாழ 90 முறை இயக்கப்பட்டபின் கோப்புகளின் பெயர்கள் உருமாறின. 189 டாலர் செலுத்துமாறு திரையில் அறிவிப்புத் தோன்றியது.

இன்று அஞ்சல் வேண்டியதில்லை. ஒரு சொடுக்கு போதும். விலையுள்ள மென்பொருளையும் விளையாட்டையும் இலவசமாகத் தருவதாகச் சில தளங்கள் அழைக்கின்றன. நச்சுநிரல் தடுப்பானை முதலில் நிறுத்திவிடுமாறும் அவற்றுள் சில கூறுகின்றன. காவலாளியை வெளியே அனுப்பச் சொல்பவரின் நோக்கம் நல்லதாக இருக்குமா? நிறுவும்போது 'அனுமதி' என்பதை அழுத்தினால், கணினியின் எப்பகுதியையும் மாற்றும் உரிமை அம்மென்பொருளுக்குக் கிடைத்துவிடலாம். பிள்ளை விளையாட்டுக்காக இறக்கிய ஒரு கோப்பு, தந்தையின் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடக்கூடும். ஊரிலுள்ள பாட்டியின் ஒளிப்படங்களை மீளமுடியாதபடி பூட்டிவிடவும் கூடும்.

உரிய தளமும் சில வேளைகளில் ஏமாற்றப்படலாம். 2017 மே மாதத்தில், 'ஹேண்ட்பிரேக்' என்னும் காணொளி மென்பொருளின் பதிவிறக்க வழங்கி ஒன்றில் கயவர் ஊடுருவி, மேக் கணினிக்கான கோப்பை மாற்றித் தீநிரல் கலந்த கோப்பை வைத்தனர். தளத்தில் தரப்பட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அதனைக் கண்டறிய இயலும்.

எனவே, மென்பொருளை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். முக்கியக் கோப்புகளின் படியைத் தனி வட்டில் சேமித்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் பெரியவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும். காலந்தாழ்த்தினால் இழப்பு பெருகும். இணையவழிப் பணமோசடிக்கு உள்ளானோர் 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் உடனே முறையிடலாம்.

சொற்பொருள்
தீநிரல் – தீங்கு செய்யும் மென்பொருள்
வழங்கி – கோப்புகளை இணையத்தில் அளிக்கும் கணினி
கயவர் – தீயோர்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: மரக்குதிரை, அம்மென்பொருள்.
2. 'டிரோஜன்' என்னும் பெயர் இத்தீநிரலுக்குப் பொருந்துவது எவ்வாறு?
3. படியைச் சேமித்த வட்டைக் கணினியிலிருந்து ஏன் பிரித்து வைக்க வேண்டும்? சிந்தித்து எழுதுக.