ஆளைத் திட்டினால் தீருமா?

தேர்தலில் எதிர்பாராத முடிவு வந்தால், "சனம் சரியில்லை" என்பார்கள். இல்லையென்றால், "இன்னார் ஓட்டைப் பிரித்துவிட்டார்" என்பார்கள். பட்டாசு ஆலையில் வெடித்தால், "வேலை பார்த்தவர்கள் அஜாக்கிரதை." நான்குவழிச் சாலையில் வண்டி மோதினால், "ஓட்டுனவன் சரியில்லை." விருதுநகர் மாவட்டத்தின் டீக்கடைகளில் இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் தனித்தனி விசாரணை தேவைப்படுவதில்லை. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: நடந்ததற்கெல்லாம் காரணம் ஆளின் குணம்; ஆள் ஒழுங்காக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றோ செத்திருக்கும். பாதி உண்மையாக இருப்பதால்தான் நீடிக்கிறது. மீதிப் பாதி, வாக்கை எண்ணும் முறையிலும், ஆலையை நடத்தவிடும் முறையிலும், சாலையைப் போடும் முறையிலும் இருக்கிறது. அந்தப் பாதியே பெரியது என்பதற்கு வெளியூர்ச் சான்றைத் தேட வேண்டியதில்லை.

நம்பிக்கை 1: ஜெயித்தவர் பக்கம்தான் பெரும்பான்மை

2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 3,85,256 வாக்குகளும், தேமுதிகவின் விஜய பிரபாகரன் 3,80,877 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 4,379. பாஜகவின் ராதிகா சரத்குமார் 1.66 லட்சம் வாக்குகளுக்கு மேல் பெற்று மூன்றாவதாக வந்தார். நாம் தமிழர் கட்சிக்கும் முக்கால் லட்சத்துக்கு மேல் விழுந்தது. பதிவான வாக்குகளில் வென்றவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 36 அளவுதான். மீதி 64 பேர் வேறு யாரையோ விரும்பியிருக்கிறார்கள். இதில் முறைகேடு எதுவும் இல்லை. நம் சட்டம் வேட்பாளரிடம் பாதிக்கு மேல் கேட்பதில்லை. இரண்டாவதாக வருபவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'விருதுநகர் மக்கள் இன்னாரைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்பது சட்டப்படி சரி. 'விருதுநகரில் பெரும்பாலோர் இன்னாரை விரும்பினார்கள்' என்பது வேறு கூற்று. அதற்கு வாக்கு எண்ணிக்கையில் ஆதாரம் இல்லை.

1967 தேர்தல் பற்றிய பேச்சிலும் இதே குழப்பம் உண்டு. தன் சொந்த ஊரான விருதுநகரின் சட்டமன்றத் தொகுதியில் காங்கிரசின் காமராசர், திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். நன்றிகெட்ட ஊர் என்று இன்றுவரை ஊரின் குணத்தைப் பழிப்பவர்கள் இருக்கிறார்கள். மாநிலக் கணக்கைப் பார்த்தால், காங்கிரசுக்கு 41.10 சதவீத வாக்கு, 51 இடங்கள், திமுகவுக்கு 40.69 சதவீதம், 137 இடங்கள். குறைந்த வாக்கு வாங்கிய கட்சிக்கு இரண்டரை மடங்குக்கும் மேல் இடம். இதைக் கேட்டதும், உண்மையில் காங்கிரஸ்தான் ஜெயித்தது என்று எதிர்த்திசையில் ஓடுபவர்களும் தவறுகிறார்கள். காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்று வாங்கிய வாக்கு அது. திமுகவோ 60 தொகுதிகள் அளவுக்குச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் முதலான தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்து, மீதியில் மட்டும் நின்று வாங்கியது. கூட்டணி வாக்கைச் சேர்த்தால் காங்கிரசைத் தாண்டிவிடும். எண்ணும் முறை எதற்குப் பரிசு தரும் என்பதைத் திமுகவின் அண்ணா சரியாகக் கணித்தார். எதிர்வாக்கு சிதறாமல் ஒரு தொகுதிக்கு ஒருவரை நிறுத்தினார். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் மக்கள் மனத்தை மாற்றியது உண்மை. அந்த மாற்றத்தை இடங்களாகப் பெருக்கித் தந்தது தேர்தல் முறை. 2014இல் அதே முறை திமுகவையே பதம் பார்த்தது: மாநிலத்தில் 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு, மக்களவையில் ஓர் இடம்கூட இல்லை.

நம்பிக்கை 2: மூன்றாமவர் ஓட்டைப் பிரித்ததால்தான் தோல்வி

2024 முடிவு வந்த நாளிலிருந்து ஒரு கூட்டல் கணக்கு சொல்லப்படுகிறது. அதிமுக அணியில் நின்ற தேமுதிகவின் வாக்கையும் பாஜக வாக்கையும் கூட்டினால் ஐந்தரை லட்சத்தை நெருங்குகிறது. 2023 செப்டம்பரில் அதிமுகவும் பாஜகவும் பிரியாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது அந்தக் கணக்கு. அதைச் சோதிக்க ஒரு தேர்தல் முந்தியே நடந்து முடிந்திருக்கிறது. 2019இல் அதிமுக, பாஜக, பாமக, தேமுதிக எல்லாம் ஒரே அணியில் இருந்தன. இதே விருதுநகரில் அந்த அணியின் தேமுதிக வேட்பாளர் நின்றார். இதே மாணிக்கம் தாகூரிடம் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் தோற்றார். கட்சிகள் கைகோத்ததும் வாக்குகளும் கைகோக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாமவருக்குப் போட்டவரில் ஒரு பகுதியினர் அவர் நிற்காவிட்டால் எதிரணிக்குப் போவார்கள், ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். யார் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியாது. காரணம், 'உங்கள் முதல் விருப்பம் தேறாவிட்டால் அடுத்தவர் யார்?' என்று நம் வாக்குப்பதிவு இயந்திரம் கேட்பதே இல்லை.

கேட்கும் முறைகள் உண்டு. நம் நாட்டிலேயே குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். இலங்கையில் 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்றார். அந்நாட்டுச் சட்டம் பாதிக்கு மேல் கேட்பதால், வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டு, அதன் பிறகே வெற்றி அறிவிக்கப்பட்டது. அங்கேயும், தோற்றவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோரின் சீட்டில் முதல் இருவருக்குச் சேரக்கூடிய விருப்பக்குறி எதுவும் இல்லை. முறையை மாற்றினால் போதாது, பழக்கமும் கூடவே வளர வேண்டும் என்பதற்கு அது சான்று. நம் முறை எளிது, எண்ணுவதற்கு விரைவு, நிலையான ஆட்சியைத் தருகிறது என்று சொல்பவர்களின் வாதம் அற்பமானதல்ல. அந்த நன்மைகளுக்காக இந்த முறையையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவெடுக்கலாம். ஆனால் அதன் விளைவுக்கு மூன்றாவது வேட்பாளரைத் துரோகி ஆக்குவது நியாயமில்லை. 'நோட்டா' பொத்தான் இதைச் சரிசெய்யும் என்ற நம்பிக்கையும் தவறு. 2024இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்து இரண்டாம் இடம் கிடைத்தது. பாஜக வேட்பாளர் பத்து லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் மக்களவைக்குப் போனார். நோட்டாவே முதலிடம் பெற்றிருந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர்.

நம்பிக்கை 3: தொழிலாளியின் அஜாக்கிரதைதான் வெடிவிபத்துக்குக் காரணம்

"மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது" என்பது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைச் செய்திகளில் மாறாத வரி. உராய்வு நடந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பட்டாசு ஆலைக்கான வெடிபொருள் விதிகள், உராய்வே நடக்காது என்று நம்பி எழுதப்பட்டவை அல்ல. என்றாவது நடக்கும் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. அறைகளுக்கு இடையே இவ்வளவு தூரம் வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கலந்த மருந்து அளவுக்கு மேல் தேங்கக் கூடாது என்பதற்கெல்லாம் ஒரே நோக்கம்: ஓர் அறையில் நேரும் பிழை அந்த அறையோடு நிற்க வேண்டும். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது 'தீப்பொறி எப்படி வந்தது' என்பதைவிட, 'நான்கு பேருக்கு மேல் எப்படிச் செத்தார்கள்' என்பதுதான். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் வேறு பலர் என்பது விசாரணையில் வெளிவந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள்; வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். மருந்தைத் தொடாதவர்களின் சாவை எந்தத் தொழிலாளியின் கவனக்குறைவில் சேர்ப்பது?

உள்குத்தகை என்பது ஒரு முதலாளியின் பேராசைக் கதை மட்டும் அல்ல. 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று அளவுக்கேற்பத் தரம் பிரித்து வழங்கப்படும் உரிமம், கிடைப்பதற்கு அரிய பொருள். அரிதான எதற்கும் வாடகை முளைக்கும். அறைக்கு இவ்வளவு என்று குத்தகை கொடுத்தவர் அந்தப் பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். அறையில் ஆளைக் கூட்டுவார், உரிமத்தில் இல்லாத ஃபேன்சி ரகத்தைச் செய்யச் சொல்வார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு நிதானம் நஷ்டம், அவசரம் லாபம். தொழிலாளர்களே கூடுதல் கூலிக்காக அங்கே போகிறார்களே, வெக்கை தாங்காமல் அறையை விட்டு மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்களே என்று கேட்கலாம். போகிறார்கள், உட்காருகிறார்கள். கூலி அப்படி வைக்கப்பட்டு, அறை அப்படிக் கட்டப்பட்டிருந்தால், அந்த இடத்தில் யார் இருந்தாலும் பெரும்பாலும் அதையேதான் செய்வார்கள். ஆளை மாற்றினாலும் நடத்தை மாறாதபோது, அதைக் குணம் என்று சொல்வது பொருந்தாது. இன்னொரு பக்கம், உச்ச நீதிமன்றம் பட்டாசையே தடைசெய்து தொழிலைக் கெடுத்துவிட்டது என்று நீதிபதிகளைப் பழிப்பவர்களும் உண்டு. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு தடுத்தது சரவெடியையும் பேரியம் உப்பையும். வெடிக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்தது. முழுத்தடை இல்லை என்பதை 2021 அக்டோபரில் நீதிமன்றமே மறுபடியும் சொன்னது.

நம்பிக்கை 4: ஓட்டுபவர் ஒழுங்காக இருந்தால் விபத்தே நடக்காது

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்து 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் மாநிலம். அரசுப் பட்டியல் பெரும்பாலான சாவுகளுக்கு அதிவேகத்தையே காரணமாகக் காட்டுகிறது. இதுதான் ஓட்டுநரைப் பழிப்பவர்களின் வலுவான ஆதாரம். ஆனால் அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? காவல் நிலையத்தில் பதியும் வழக்கிலிருந்து. வழக்குப் பதிய உள்ள பிரிவுகள், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106. இவை கேட்பதே ஒருவர் அதிவேகமாகவோ அஜாக்கிரதையாகவோ நடந்தாரா என்பதைத்தான். எனவே முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சொற்கள் விழாமல் இருக்க முடியாது. வளைவில் பலகை இல்லை, ஊருக்குக் குறுக்கே போகும் சாலையில் கீழ்ப்பாலம் இல்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் குற்றவாளியின் இடம் இல்லை. வேகம் கொல்லும் என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் வேகம் எல்லாச் சாலையிலும் ஒரே மாதிரி கொல்வதில்லை. நாட்டின் சாலை நீளத்தில் 2 சதவீதம் அளவே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் சாலைச் சாவுகளில் 36 சதவீதம் நிகழ்கிறது. போக்குவரத்து அங்கே அதிகம் என்பது ஒரு காரணம். விரைந்து போகும் லாரியையும், பக்கத்து ஊருக்குப் போகும் டிவிஎஸ் 50ஐயும் ஒரே தளத்தில் சந்திக்க வைத்தது இன்னொரு காரணம். விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் போன்ற சாலையில், தடுப்புச் சுவரின் திறப்பு தொலைவில் இருந்தால் எதிர்த்திசையில் வண்டி வரும். அது குற்றம்தான்; ஆனால் வரைபடத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடக்கூடிய குற்றம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவைச் சேர்த்து, தரம் தவறிச் சாலையை வடிவமைத்தவருக்கும் பராமரிப்பவருக்கும் அபராதம் உண்டு என்று சொல்லிவிட்டது. டீக்கடை நம்பிக்கைதான் சட்டத்தைவிடப் பின்தங்கி நிற்கிறது.

அப்படியென்றால் யாருக்குமே பொறுப்பில்லையா?

இந்த வாதத்துக்குப் பெரிய மறுப்பு இதுதான்: முறையைக் குறை சொன்னால் தப்பு செய்தவன் தப்பித்துவிடுவான். நடப்பது நேர்மாறு. இறந்த தொழிலாளியையோ டிரைவரையோ பழித்ததும் கோப்பு மூடப்படுகிறது. செத்தவர் மேல் போட்ட பழிக்கு மறுமொழி வராது. முறையைக் கேட்கத் தொடங்கினால்தான் உரிமதாரர், ஆய்வுக்கு வந்த அதிகாரி, சாலை ஒப்பந்தக்காரர் என்று உயிரோடு இருக்கும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. முறையை மாற்றினாலும் மனிதன் மாறமாட்டான் என்பது இன்னொரு மறுப்பு. இதற்கும் சிவகாசியிலேயே பதில் இருக்கிறது. 1980களில் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, படிக்க வைக்க மனமில்லாத பெற்றோர் என்றுதான் பேச்சு முடியும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சிறப்புப் பள்ளிகள் வந்தன, சோதனைகள் வந்தன, இயந்திரங்களும் வந்தன. ஆலைக்குக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன பேருந்துகள் நின்றன. பெற்றோரின் பாசம் புதிதாகக் கூடிவிடவில்லை. குழந்தையை வேலைக்கு வைப்பது முதலாளிக்கு நஷ்டமாகவும், பள்ளிக்கு அனுப்புவது பெற்றோருக்கு இயலக்கூடியதாகவும் ஆக்கப்பட்டது. இனி ஒரு வெடிவிபத்துச் செய்தி வரும்போது, உராய்வு என்ற வரியோடு நிறுத்தாமல், உரிமம் யார் பெயரில், நடத்தியது யார், அறையில் எத்தனை பேர், கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது என்ற நான்கு விவரங்களையும் நாளிதழிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்டு வாங்குவது வாசகரின் உரிமை.