சொல்லாத் துயரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும்

முன்னுரை

வகுப்பறையில் ஓசையிடும் குழந்தை ஆசிரியரின் கண்ணில் உடனே படுகிறது. ஓசையற்றிருக்கும் குழந்தை கண்ணில் படுவதற்கு நாள் பல செல்கின்றன. தாயையோ தந்தையையோ, உடன்பிறந்தாரையோ, எடுத்து வளர்த்த பாட்டியையோ இழந்து பள்ளிக்குத் திரும்பும் குழந்தைகளுள் சிலர் அழுவதில்லை, அடம்பிடிப்பதில்லை, கேட்டதற்குத் தலையசைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி அமர்ந்துவிடுகின்றனர். 'பாவம், நல்ல பிள்ளை; தேறிவிட்டான்' என்று அவ்வமைதிக்கு நாம் பொருள் கொள்கிறோம். அப்பொருள் பெரும்பாலும் பிழைபட்டதாகும். அம்மௌனம் தேறுதலின் அடையாளமன்று. சொல்ல வழி கிடைக்காத துயரின் அடையாளமே என்பதையும், அக்குழந்தையைப் பேசவைப்பதினும் அது பேசத்தக்க இடமாக வகுப்பறையை அமைப்பதே ஆசிரியரின் பணி என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இன்று தமிழிலக்கியம் பயிலும் நம் மாணவருள் பலர் நாளை ஆசிரியப் பணியை ஏற்கவிருப்பவர். ஆதலின் இலக்கியத்திலிருந்தே இவ்வாய்வைத் தொடங்குவது பொருந்தும்.

இலக்கியம் காட்டும் இழவு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைக் கூறுகிறது. இந்நான்கும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பினும், தந்தையை இழந்த ஏழைக் குழந்தையிடம் இவை ஒருங்கே வந்து சேர்வதை நாம் காண்கிறோம். தந்தை இறந்தமை இழவு. அதனால் வருவாய் நின்றமை வறுமை. வீடும் ஊரும் மாறி நிலைகுலைந்தமை அசைவு. பிறர் இரங்கிப் பார்க்கும் பார்வையால் நேர்வது இளிவு. குழந்தையின் ஒதுக்கத்திற்கு ஒரு காரணம் மட்டும் தேடுதல் போதாது என்பதை இப்பகுப்பு நமக்கு உணர்த்துகிறது.

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியதாகும். தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த அம்மகளிர் ஐந்தே அடிகளில் தம் நிலையைக் கூறுகின்றனர். சென்ற திங்களின் நிலவொளியில் தமக்கிருந்தவை இவை, இத்திங்களின் நிலவொளியில் இல்லாதவை இவை என்ற அளவோடு பாடல் நிற்கிறது. கையறுநிலைத் துறையைச் சார்ந்த அப்பாடலில் 'துயரம்' என்றோ 'அழுகின்றோம்' என்றோ பொருள்படும் சொல் ஒன்றேனும் இல்லை. நிலவும் மலையும் அவர்தம் துயரைச் சுமக்கின்றன. பாரி மகளிர் மணப்பருவம் எய்தியவர். நாம் கூறும் குழந்தையோ ஆறு முதல் பத்து வயதிற்குட்பட்டது. எனினும், துயருற்றோர் உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் பொருள்களின் வழியாகவே பேசக்கூடும் என்னும் உண்மை இருவருக்கும் பொது. 'உனக்கு வருத்தமாக இருக்கிறதா?' என்னும் வினாவிற்கு விடை கூறாத குழந்தை, 'அப்பாவின் மிதிவண்டி இப்போது எங்கே நிற்கிறது?' என்றால் வாய் திறக்கலாம்.

குழந்தை மரணத்தை அறியும் விதம்

ஹங்கேரி நாட்டு உளவியலறிஞர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வில், மரணம் பற்றிய குழந்தைகளின் எண்ணத்தை மூன்று படிகளாகப் பகுத்தார். ஐந்து வயதிற்குட்பட்டோர் மரணத்தை உறக்கமாகவோ திரும்பி வரத்தக்க பயணமாகவோ கருதுகின்றனர். ஐந்து முதல் ஒன்பது வயதினர் பலர் அதனை வந்து பிடித்துச் செல்லும் ஓர் ஆளாக எண்ணுகின்றனர். அதன் பின்னரே அது யாவர்க்கும் உரிய இயற்கை முடிவு என்னும் தெளிவு பிறக்கிறது என்பது அவர் முடிபு. இறந்தவர் மீளார், உடலின் செயல்கள் யாவும் நின்றுவிடும், மரணம் எல்லார்க்கும் உண்டு என்னும் மூன்று கருத்துகளையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதிற்குள்ளாகவே பற்றத் தொடங்குகின்றனர் என்பது பின்வந்த ஆய்வுகளின் திருத்தமாகும். அஃதாவது, தொடக்கப்பள்ளிக் காலமே இவ்வறிவு உருவாகும் காலம்.

இந்நிலையில் பெரியோர் சொல்லும் மங்கலச் சொற்கள் குழந்தையிடம் வேறு பொருள் பெறுகின்றன. 'அப்பா தூங்குகிறார்' எனக் கேட்ட குழந்தை தான் தூங்க அஞ்சுகிறது. 'ஊருக்குப் போயிருக்கிறார்' எனக் கேட்ட குழந்தை ஒவ்வொரு மாலையும் வாயிலைப் பார்க்கிறது. வராதபோது, தன்னைப் பிடிக்காமையால் தந்தை போய்விட்டதாக எண்ணுகிறது. இவற்றினும் கொடியது 'தகப்பனை விழுங்கிய பிள்ளை' என்னும் பழிச்சொல். தன் கோபமும் குறும்புமே மரணத்திற்குக் காரணம் என்று தானாகவே எண்ணக்கூடிய வயதில், ஊரும் அதனையே சொன்னால் குழந்தை வேறு என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும்.

மௌனத்தின் பொருள்

மூன்றாம் வகுப்பில் பயிலும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். தந்தை சாலை விபத்தில் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வருகிறான். முன்பு முதல் வரிசையில் அமர்ந்தவன் இப்போது கடைசி வரிசையில் அமர்கிறான். காலை உணவு வேளையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உண்ணாதிருக்கிறான். இடைவேளையில் சிறிது நேரம் ஓடியாடுகிறான், உடனே நின்றுவிடுகிறான். 'விளையாடுகிறானே, துயரம் எங்கே?' என வியப்போர் உளர். குழந்தையால் நெடுநேரம் துயரைத் தாங்க இயலாது. சிறிது சிறிதாகவே அதனுள் இறங்கி ஏறுகிறது. விளையாட்டு மறதியன்று, இளைப்பாறல்.

அவன் பேசாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். தான் அழுதால் தாய் அழுவாள் என அஞ்சி வீட்டில் அடக்கிய பழக்கம் பள்ளியிலும் தொடரலாம். 'இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை' என உறவினர் தோளில் ஏற்றிய சுமை நாவை அடைத்திருக்கலாம். இரவில் உறக்கமின்மையால் பகலில் சொல் எழாதிருக்கலாம். தோழர் கேட்கும் கேள்விக்கு விடை அறியாமல் ஒதுங்கியிருக்கலாம். காரணம் எதுவாயினும், அது கீழ்ப்படியாமையோ சோம்பலோ அன்று. உடல் வழித் தண்டனையையும் மன வழித் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்துள்ளது. 'வாயில் என்ன கொழுக்கட்டையா?' என வகுப்பின் முன் நிறுத்தி வினவுதலும் இத்தகைய குழந்தைக்கு மனத் துன்புறுத்தலே என நாம் கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

ஜான் பௌல்பி என்னும் ஆங்கில உளமருத்துவர் 1980இல் வெளியிட்ட தம் நூலின் மூன்றாம் தொகுதியில், குழந்தை தன் இழப்பை நன்முறையில் ஏற்பதற்குரிய நிலைமைகளைக் கூறுகிறார். இழப்பிற்கு முன் பெற்றோருடன் பாதுகாப்பான உறவு இருந்திருத்தல், நடந்ததைக் காலந்தாழ்த்தாது உண்மையாக அறிவித்து வினவ இடந்தந்து குடும்பத்தின் துயரில் பங்குகொள்ளச் செய்தல், எஞ்சிய பெற்றோரோ நம்பிக்கைக்குரிய பிறரோ ஆறுதலாக உடனிருத்தல் என்பன அவை. முதலாவது நம் கையில் இல்லை. ஏனைய இரண்டில் ஆசிரியர்க்குப் பங்குண்டு.

முதலாவதாக, குழந்தை திரும்பும் முன்னரே ஆசிரியர் வீட்டிற்குச் சென்றுவருதல் நலம். குழந்தைக்கு என்ன சொல்லப்பட்டுள்ளது என்பதைக் கேட்டறிய வேண்டும். வீட்டின் கூற்றுக்கும் பள்ளியின் கூற்றுக்கும் முரண் இருத்தலாகாது. அவ்வில்லத்தின் துக்கமுறையையும் அறிதல் வேண்டும். முஸ்லிம் இல்லமாயின் கணவனை இழந்த தாய் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார். பெற்றோர் கூட்டத்திற்கு அவர் வராமை அக்கறையின்மை ஆகாது. ஆசிரியை ஒருவர் வீடு சென்று பேசிவருதல் அக்குறையை நீக்கும்.

இரண்டாவதாக, வகுப்பிலுள்ள பிற குழந்தைகளுக்கு முன்கூட்டியே சுருக்கமாக உண்மையைக் கூற வேண்டும். 'அவனுடைய அப்பா இறந்துவிட்டார். அவன் நாளை வருவான். எப்படி இறந்தார் என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவனாகச் சொன்னால் கேளுங்கள். விளையாட அழையுங்கள்' என்னும் ஐந்து தொடர் போதும்.

மூன்றாவதாக, முதல்நாள் தனியே அழைத்து, 'உன் அப்பா இறந்தது எனக்குத் தெரியும். அது உன் தவறு அல்ல. அழுகை வந்தால் என்னிடம் வரலாம். பேச வேண்டும் என்பதில்லை' என ஆசிரியர் நேரே சொல்ல வேண்டும். 'இறந்தார்' என்னும் சொல்லைத் தவிர்க்கலாகாது. மறுமொழி வராவிடினும் அச்சொல் குழந்தையிடம் தங்கும்.

நான்காவதாக, அன்றாட ஒழுங்கு மாறாதிருக்க வேண்டும். வருகைப் பதிவு, பாடவேளை, உணவு, மணியோசை ஆகியவை நேற்றுப்போல் இன்றும் நிகழ்வதே, வீடு நிலைகுலைந்த குழந்தைக்கு முதல் ஆறுதல். அவனுக்குரிய பழைய இடம் அவனுக்காகவே இருக்கட்டும். கடைசி வரிசையை நாடினால் சில நாள் விட்டுவைத்துப் பின் தோழன் ஒருவனை அருகே அமர்த்தலாம். சுண்ணக்கட்டி எடுத்துவருதல், செடிக்கு நீர் ஊற்றுதல் போன்ற, பேச்சு வேண்டாத சிறுபணி ஒன்றைத் தருதல் அவனை வகுப்போடு பிணைக்கும்.

ஐந்தாவதாக, சொல்லுக்கு மாற்றாகப் பொருளைத் தரலாம். தாளை இரண்டாக மடித்து 'முன்பு', 'இப்போது' என எழுதி இருபுறமும் படம் வரையச் செய்தல் எளிய பயிற்சி. முழு வகுப்பிற்கும் இதனைத் தந்தால் அவன் தனித்துக் காட்டப்படான். மழைக்கு முன்பும் பின்பும் எனப் பிறர் வரைவர். அவன் வரைவது வேறாக இருக்கலாம். பாரி மகளிர் பாடிய முறையும் இதுவேயன்றோ! வரைந்ததை ஆசிரியர் சுவரில் ஒட்டாது, அவன் விரும்பினால் மட்டும் விளக்கம் கேட்பாராக.

தவிர்க்கத்தக்கன

'என் குடும்பம்', 'என் தந்தை' என்னும் தலைப்புகளில் எழுதச் சொல்லும் நாளில் 'உனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி எழுது' என அனைவருக்கும் தலைப்பை விரித்துக் கொடுக்கலாம். மதிப்பீட்டு அட்டையில் 'அப்பாவின் கையெழுத்து எங்கே?' எனப் பலர் முன் கேட்டலாகாது. 2022இல் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் கற்கின்றனர். துயர்காலத்தில் எடுத்த ஒரு மதிப்பீட்டைக் கொண்டு மலர் நிலையிலிருந்த குழந்தையை உடனே அரும்பிற்கு மாற்றுதல், இழப்பின்மேல் இழப்பாகும். கவனக்குறைவு அறிவுக்குறைவன்று. மிகையான சலுகையும் தீங்கே. வீட்டுப்பாடத்தை முற்றிலும் நீக்காமல் குறைத்துத் தருவதே தக்கது.

காலமும் துணையும்

2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 26இல் கடற்கோள் நாகைக் கடற்கரையில் எண்ணற்ற குடும்பங்களைக் குலைத்தது. கொரோனாத் தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்த குழந்தைக்கு மூன்று இலட்சம் ரூபாயும் வழங்கப்படும் எனத் தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. பணவுதவி இன்றியமையாதது, வறுமையால் பள்ளியை விட்டு நீங்குவதை அது தடுக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகக் கிடைக்கும் நிதியாதரவு பற்றித் தாயிடம் எடுத்துரைப்பதும் ஆசிரியர் செய்யத்தக்க தொண்டே. ஆயினும் எந்த ஆணையாலும் வழங்கவியலாத உதவி வகுப்பறையில் நாள்தோறும் நடைபெற வேண்டியது.

அது எத்துணைக் காலம்? பெற்றோரை இழந்த பள்ளிப் பிள்ளைகளை ஈராண்டுகள் தொடர்ந்து கண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றை முன்வைத்து வில்லியம் வோர்டன் 1996இல் எழுதிய நூல், சிலரிடம் இடர்ப்பாடு முதலாண்டினும் இரண்டாமாண்டில் மிகுதியாக வெளிப்படுவதைக் காட்டுகிறது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் அறிந்ததை நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிச் செல்லாவிடில், குழந்தை மீண்டும் தனித்துவிடும். இறந்த நாளும் பண்டிகை நாள்களும் வரும்போது ஆசிரியர் விழிப்போடிருத்தல் வேண்டும்.

சில குறிகள் ஆசிரியரின் எல்லையைக் கடந்தவை. உண்ணாமையும் உறங்காமையும் நீடித்தல், எவருடனும் ஒரு சொல்லும் பேசாதிருத்தல், மாதங்கள் பல சென்றும் சற்றும் தளராத கடுந்துயர், 'நானும் அப்பாவிடம் போகிறேன்' என்னும் பேச்சு ஆகியவை அவை. இறுதியிற் கூறியதைக் கேட்டவுடன் குழந்தையைத் தனியே விடாது, அன்றே வீட்டாரிடம் தெரிவித்து மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு அழைத்துச் செல்ல வழிசெய்ய வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற மனநல உதவி எண் 14416.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒதுங்கிய குழந்தையின் மௌனம் தேறுதலன்று என்பதும், உண்மையான சொல், மாறாத ஒழுங்கு, பொருள்வழிப் பேச இடம், நீண்டகாலக் கவனம் ஆகிய நான்கும் அதற்குத் துணை என்பதும் பெறப்படுகின்றன. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை; தனிப்பாடவேளையும் தேவையில்லை. பாரியின் நண்பர் கபிலர், இறந்த நண்பனை மீட்டுத் தரவில்லை. அவன் மகளிருடன் வழிநடந்தார். ஆசிரியராலும் தந்தையை மீட்டுத் தர இயலாது. அக்குழந்தை பேசும் நாள் வரை, பேசாத நாள்களிலும், அதன் பெயரைச் சொல்லி அழைத்து, 'உள்ளேன்' என்னும் மெல்லிய குரலுக்குக் காத்திருக்க இயலும்.