ஆறு கொண்டுபோன காணி யாருக்கு?

மாணவர்களே, ஆற்றரிப்பு பற்றிய வினாவுக்குப் பலர் பௌதிகக் காரணிகளை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். காணி இழந்தவரின் கதி என்ன? பங்களாதேசத்தின் யமுனா ஆற்றைப் பார்ப்போம். (பிரமபுத்திரா அங்கு பெறும் பெயரே இது; டில்லியூடாகப் பாயும் யமுனை வேறு.) இப்பின்னலாறு மணற்பாங்கான கரையை அரித்து, அடையலைத் திட்டுகளாகப் படியவிடுகின்றது. இத்திட்டு ‘சர்’ எனப்படும்.

மூழ்கிய காணி அதே இடத்தில் மீண்டும் எழுந்தால் உரிமை யாருக்கு? 20 ஆண்டுகளுக்குள் எழுந்தால் பழைய உரித்தாளருக்கே என்றது 1950ஆம் ஆண்டுச் சட்டம். 1972இல் அவ்வுரிமை நீக்கப்பட்டு, காணி அரசுக்குரியதாயிற்று. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 30 ஆண்டு எல்லையுடன் உரிமையை மீள வழங்கியது.

எனினும் உரித்தாளர் நேரே சென்று வேலியடைக்க முடியாது. மாவட்ட கலெக்டர் முதலில் காணியைப் பொறுப்பேற்பார். நில அளவை செய்து வரைபடம் தயாரித்த பின்னரே அது வழங்கப்படும். அவரது மொத்தக் காணியும் 60 பிகாவை (ஏறத்தாழ 20 ஏக்கர்) விஞ்சக்கூடாது. ஏழைக்கு இடர் இங்கேதான். புதுத்திட்டில் வரம்புமில்லை, அடையாள மரமுமில்லை. அளவை முடியுமுன் தடியாட்களுடன் வந்து வலியவர் காணி பிடிப்பதுண்டு.

ஒருவரின் காணியோடு ஒட்டி, சிறிது சிறிதாகப் படிந்து உருவாகும் நிலம் வேறு விடயம். அது அரசுக்கே உரியது. இரண்டையும் குழப்பி எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.