கொடுத்த ஊசியை எண்ணினால் போதுமா?

ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்களைத் தேடிப் போய்ப் புதிய ஊசி, சிரிஞ்சு, ஆணுறை கொடுப்பதும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் புப்ரினார்ஃபின் மாற்று மருந்துக்கும் அழைத்து வருவதும் களப்பணி. அதன் பலனை அளக்க, திட்டம் நடக்கும் பகுதியில் அப்படி ஊசி போடுபவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற மதிப்பீடு முதலில் வேண்டும். திட்டத்தின் பதிவேட்டிலுள்ள எண்ணிக்கை அதுவாகாது. ரயில் பாதை ஓரம், பாலத்தடி, பாழடைந்த கட்டடம் என அவர்கள் கூடும் இடங்களை, அந்த இடங்களில் பழகியவரோடு நடந்து குறித்து, வெவ்வேறு வேளைகளில் எண்ண வேண்டும். பெண்கள் அங்கே அதிகம் தென்பட மாட்டார்கள்; அவர்களைத் தெரிந்த பெண்கள் மூலமாகத்தான் எட்ட முடியும்.

அடுத்து களப்பணியாளரின் நாட்குறிப்பு. ‘300 சந்திப்புகள்’ என்று எழுதியிருந்தால் 300 பேர் என்று பொருளல்ல. டீக்கடை வாசலில் நிற்கும் அதே முப்பது பேர் பத்து முறை ஏறியிருக்கலாம். ஆளுக்கொரு குறியீட்டு எண் தந்தால் இது வெளிப்பட்டுவிடும். பெயர் வேண்டாம், போதைப்பொருள் சட்டம் தலைக்கு மேல் இருக்கையில் பெயர்ப்பட்டியலைக் கண்டு அவர்கள் அஞ்சுவது நியாயமே.

பிறகு ஊசிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் வெளியிட்ட வழிகாட்டியில், ஆளுக்கு ஆண்டுக்கு 100-க்குக் கீழ் என்றால் குறைவு, 200-க்கு மேல் என்றால் நல்ல அளவு. ஒரு திட்டம் 48,000 ஊசி கொடுத்து, பதிவேட்டில் 240 பேர் இருந்தால் ஆளுக்கு 200 வரும். பகுதியில் இருப்பவர்கள் 600 பேர் என்றால் அது 80தான். நாளுக்கு மூன்று முறை போடுபவருக்கு ஒரு மாதத்துக்கும் காணாது. திரும்பி வரும் பழைய ஊசிகளைக் கையால் எண்ணாமல், பெட்டியோடு எடை போட்டுக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

நடத்தை மாறியதா என்று அறிய, ‘வழக்கமாக’ என்று கேட்காமல், கடைசியாகப் போட்டபோது யார் ஊசி என்று கேட்க வேண்டும். மருந்து கரைத்த மூடி, பஞ்சு, தண்ணீர் ஆகியவற்றைப் பகிர்ந்தார்களா என்பதும் அதே கேள்வியில் அடங்கும். ஊசி கொடுத்தவரே கேட்டால் அவர் மனம் கோணாத பதில்தான் வரும். கேட்பவர் வேற்றாளாக இருக்க வேண்டும்.

கடைசியில் எச்.ஐ.வி. தொற்று விகிதம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது பிழை. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தால் நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்தால் விகிதம் இறங்காது. பலர் இறந்தாலோ தானே இறங்கிவிடும். ஊசிப் பழக்கம் தொடங்கி ஓரிரு ஆண்டே ஆனவர்களிடம் காணும் தொற்றே உண்மைக்கு அருகில் நிற்கும். 1990 வாக்கில் மணிப்பூரில் ஊசி போடுவோரிடையே தொற்று சில மாதங்களிலேயே பரவியது. அதனால் இந்தக் கணக்குகளை ஆண்டுக்கொரு முறை பார்ப்பதைவிட மூன்று மாதத்துக்கொரு முறை பார்ப்பது நல்லது.