முதல் ஹை-பிரஷர் கம்ப்ரசர்: பாரைப் பார்க்காதீங்க, லிட்டரைப் பாருங்க

பஞ்சர் கடை கம்ப்ரசர் நம்ம எல்லாருக்கும் தெரியும். டப டபன்னு சத்தம் போட்டு 8 அல்லது 10 பார் வரைக்கும் காற்றை அடைச்சு வைக்கும். பைக் டயருக்குத் தேவை 2 பார் சொச்சம். அதனால அந்த மெஷினுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனா ஷூட்டிங் கிளப்ல இருக்கிற 10 மீட்டர் ஏர் ரைபிளோட சிலிண்டருக்கு 200 பார் வேணும். நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவுல சுடுறது இந்த வகை ரைபிள்லதான். பிசிபி என்று சொல்வாங்க, அதாவது காற்றை முன்கூட்டியே அழுத்தி நிரப்பி வச்சுக்கிற துப்பாக்கி. பஞ்சர் கடை மெஷின் மாதிரி 20 மெஷினை வரிசையா வச்சாலும் அது நிரம்பாது. இதுக்குத் தனி ஜாதி கம்ப்ரசர்.

புதுசா ஒரு கிளப் ஆரம்பிக்கிறவங்க, அல்லது சொந்தமா ரைபிள் வச்சுப் பயிற்சி எடுக்கிற நண்பர்கள், ஆன்லைன்ல தேடினவுடனே பார்க்கிறது ஒரே ஒரு எண்ணைத்தான்: "4500 பிஎஸ்ஐ!", "30 மெகா பாஸ்கல்!", "300 பார்!" மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், யூனிட்தான் வேற. (3000 பிஎஸ்ஐன்னா 207 பார். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, கேஜ் படிக்கும்போது உதவும்.) மலிவான மெஷினும் 300 பார் போகும், விலை உயர்ந்த மெஷினும் 300 பார் போகும். அப்போ வித்தியாசம் எங்கே? எவ்வளவு காற்றை, எவ்வளவு நேரத்துல, எவ்வளவு காய்ச்சலா கொடுக்குது என்பதில்தான். காய்ச்சல்னா இங்க ஈரமில்லாம காய்ஞ்சு இருக்கிறது, ஜுரம் இல்லை.

முதல்ல உங்க தேவையைக் கணக்கு போடுங்க. பிளஸ் டூ பாயில் விதி போதும். சிலிண்டர் கொள்ளளவு லிட்டர்ல, ஏத்த வேண்டிய அழுத்தம் பார்ல. ரெண்டையும் பெருக்கினா எத்தனை லிட்டர் வெளிக்காற்று தேவைன்னு வந்துடும். ரைபிள் சிலிண்டர் 0.2 லிட்டர்னு வச்சுக்குவோம். 150 பாருக்கு இறங்கினதை மறுபடி 200 பாருக்கு ஏத்தணும்னா 0.2 × 50, வெறும் 10 லிட்டர். ஒரு ஆள் ஒருநாள் பயிற்சிக்குத் தோராயமா இவ்வளவுதான் செலவாகும். பத்து பேர் சுடுற கிளப்புக்கு ஒருநாளைக்கு 100 லிட்டர்.

இந்த 10 லிட்டரைப் பார்த்ததுமே ஒரு விஷயம் புரியணும். தனி ஆளா, ஒரே ஒரு ரைபிளோட இருக்கீங்கன்னா உங்களுக்கு கம்ப்ரசரே தேவையில்லை. நின்னுக்கிட்டு அடிக்கிற கைப்பம்பு போதும். பார்க்க சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும், உள்ளே மூணு ஸ்டேஜ் இருக்கும். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 100 மில்லி உள்ளே போகுதுன்னு வச்சாலும் நூறு ஸ்ட்ரோக்ல வேலை முடிஞ்சது. நடுவுல ரெண்டு மூணு தடவை நிறுத்தி பம்பு ஆறட்டும், நீங்களும் ஆறுங்க. விலையும் கம்மி, கரண்ட்டும் வேண்டாம். "முதல் கம்ப்ரசர் எது வாங்கலாம்?"னு கேட்கிற பாதிப் பேருக்கு நான் சொல்ற பதில் இதுதான். கேட்கிறவங்களுக்குப் பிடிக்கிறதில்லை என்பது வேற விஷயம்.

இப்போ கிளப்புக்கு வருவோம். பத்து ரைபிளையும் தினமும் ஒவ்வொண்ணா கம்ப்ரசர்ல மாட்டி நிரப்புறது நடைமுறைக்கு ஒத்து வராது. ஒரு பெரிய சிலிண்டரை வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வச்சுக்கிட்டு, அதுல இருந்து ரைபிள்களுக்குப் பகிர்றதுதான் வழக்கம். தீயணைப்பு வீரர்கள் முதுகுல மாட்டிக்கிற 6.8 லிட்டர், 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டர் இதுக்கு நல்ல சாய்ஸ். ஆனா இதுல எத்தனை லிட்டர் நமக்குப் பயன்படும்?

பாயில் விதிப்படி 300-ல இருந்து 200 பாருக்கு இறங்குற வரைக்கும் 6.8 × 100, அதாவது 680 லிட்டர். ஆனா 300 பார்ல காற்று ஐடியல் கேஸ் மாதிரி நடந்துக்காது. கம்ப்ரசிபிலிட்டி ஃபேக்டர் ஞாபகம் இருக்கா, தெர்மோ எக்ஸாமுக்கு முந்தின நாள் படிச்சு மறுநாள் மறந்தோமே, அதுதான். நம்ம ஊர் வெப்பநிலையில 200 பார்ல அது சுமார் 1.03, 300 பார்ல சுமார் 1.11. அதைப் போட்டுப் பார்த்தா பயன்படுறது சுமார் 520 லிட்டர்தான். நாளைக்கு 100 லிட்டர்னா அஞ்சு நாள். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் சரியா வருது. அதுக்குக் கீழே இறங்கினாலும் சிலிண்டர் காலி இல்லை, 180 பார் வரை நிரப்பிக்கலாம். ஆனா முழு 200 கிடைக்காது.

ஆக உங்க கிளப்போட உண்மையான தேவை: வாரத்துக்கு ஒருமுறை 520 லிட்டர் காற்று, 300 பார்ல. இதை வச்சுத்தான் மெஷின் பார்க்கணும். நிமிஷத்துக்கு 4 லிட்டர் கொடுக்கிற சின்ன மெஷின்னா 130 நிமிஷம் ஓடணும். 20 லிட்டர் கொடுத்தா 26 நிமிஷம். 100 லிட்டர் கொடுத்தா அஞ்சே நிமிஷம்.

சந்தையில மூணு ரகம் கிடைக்குது. கார் பேட்டரியில ஓடுற 12 வோல்ட் குட்டிப் பெட்டி முதல் ரகம். பிஸ்டன் சுண்டுவிரல் தண்டிதான் இருக்கும், எண்ணெய் இல்லாம ஓடும், ஃபேன் வச்சுக் குளிரும். ரைபிளை நேரடியா நிரப்பத்தான் இது. பெரிய சிலிண்டருக்குப் போட்டா ரெண்டு மணிநேரம் கதறிட்டு ரிங் தேஞ்சு போகும். ரெண்டாவது, யோங் ஹெங் மாதிரி சீனத் தயாரிப்புகள்: 1.8 கிலோவாட் மோட்டார், ரெண்டு ஸ்டேஜ், எண்ணெய் ஊத்தணும், பக்கெட் தண்ணியில ஒரு சின்ன பம்பை இறக்கி ஹெட்டைக் குளிர்விக்கணும். பார்க்க ஏதோ ஃபைனல் இயர் புராஜெக்ட் மாதிரி இருக்கும். ஆனா பராமரிச்சா உழைக்கும். மூணாவது, ஸ்கூபா டைவிங் கடைகள்ல இருக்கிற பெரிய மெஷின்கள். பவர் ஜூனியர் 2 நல்ல உதாரணம்: மூணு ஸ்டேஜ், நிமிஷத்துக்கு 100 லிட்டர். மூச்சு விடுற தரத்துல காற்று வரும். விலையும் மூச்சை நிறுத்தும்.

ஸ்டேஜ் ஸ்டேஜ்னு சொல்றேனே, அது ஏன் முக்கியம்? 30 டிகிரி காற்றை ஒரே அடியில 200 பாருக்கு அழுத்தினா அடியாபாட்டிக் கணக்குப்படி வெப்பநிலை 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டிடும். ரெண்டு ஸ்டேஜா பிரிச்சு நடுவுல குளிர வச்சா ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவுலயும் சுமார் 370 டிகிரி. மூணு ஸ்டேஜ்னா சுமார் 230. நிஜ மெஷின்ல சுவர் வழியா வெப்பம் வெளியேறும், அதனால இவ்வளவு போகாது. ஆனா திசை இதுதான். ரெண்டு ஸ்டேஜ் மெஷின் ஏன் கால் மணிநேரம், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஓய்வு கேட்குதுன்னு இப்போ புரியும். மே மாசத்துல மாடி டேங்க் தண்ணியைப் பக்கெட்டுல பிடிச்சா அதுவே வெந்நீர். ரெண்டு பாட்டில் ஐஸ் போடுங்க. மேனுவல்ல போட்டிருக்கிற வெப்பநிலை வரம்பைத் தாண்டினா, கேஜ்ல இன்னும் 20 பார்தான் பாக்கின்னாலும் நிறுத்துங்க.

விளம்பரத்துல பொய் சொல்றாங்களான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. காற்றை 300 பாருக்கு அழுத்தத் தேவையான குறைந்தபட்ச வேலை ஐசோதெர்மல் வேலைதான், இயற்கையே அதுக்குக் கீழே விடாது. நிமிஷத்துக்கு 30 லிட்டரை 300 பாருக்கு ஏத்த அந்தக் குறைந்தபட்சம் சுமார் 285 வாட். இப்போ ஒருத்தர் "300 வாட் மோட்டார், 300 பார்லயும் 30 லிட்டர்"னு விக்கிறார்னா அவர் மெஷின் 95 சதவீத எஃபிஷியன்சின்னு அர்த்தம். குட்டிப் பிஸ்டன் மெஷின் அதுக்குப் பக்கத்துலகூட வராது. பெரும்பாலும் அவங்க போடுறது எதிர் அழுத்தமே இல்லாம சும்மா ஓடும்போது உறிஞ்சுற அளவு. கடைக்காரர்கிட்ட "எந்த அளவு சிலிண்டரை, எத்தனை பார்ல இருந்து எத்தனை பாருக்கு, எத்தனை நிமிஷத்துல நிரப்பும்?"னு கேளுங்க. அரை லிட்டர் சிலிண்டரை 100-ல இருந்து 200-க்குக் கொண்டுபோக 10 நிமிஷம்னா 50 லிட்டர் வகுத்தல் 10. நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர். அதுதான் நிஜம், பெட்டி மேல என்ன ஒட்டியிருந்தாலும்.

அடுத்தது தண்ணி. இதை யாரும் வாங்கும்போது கேட்கிறதே இல்லை, ஆனா ரைபிளைக் கொல்றது இதுதான். சென்னைக் காற்று 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்னா ஒரு கனமீட்டர்ல சுமார் 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கு. அந்த 1000 லிட்டரை 300-ல ஒரு பங்கா சுருக்கிக் குளிர வச்சா உள்ள தங்க முடிஞ்ச ஆவி சுமார் 0.1 கிராம்தான். மீதி எல்லாம் தண்ணியா கொட்டும். நம்ம 520 லிட்டருக்கு 12 கிராம் சொச்சம், ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி. வாரா வாரம் ஒரு ஸ்பூன் தண்ணியை ரைபிளோட ரெகுலேட்டருக்கு ஊத்துறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்டீல் சிலிண்டர் துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும், ரெகுலேட்டர் தடுமாறும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். பத்தாவது வட்டத்துல விழ வேண்டியது ஒன்பதுக்குப் போகும், நீங்க உங்க டிரிக்கரைத் திட்டிட்டு இருப்பீங்க.

அதனால மெஷினோட விலையில ஒரு பங்கை முதல்லயே ஃபில்டருக்கு ஒதுக்குங்க. முதல்ல வாட்டர் செபரேட்டர், ஓடும்போது சில நிமிஷத்துக்கு ஒருமுறை அதோட பிளீட் வால்வைத் திறந்து தண்ணியைத் துப்ப விடணும். அதுக்கு அப்புறம் மாலிக்யூலர் சீவ் நிரப்பின உலர்த்தி. எண்ணெய் மெஷின்னா ஆக்டிவேட்டட் கார்பனும் கூட வேணும். இதுல ஒரு நுணுக்கம்: காலி சிலிண்டரை நிரப்ப ஆரம்பிக்கும்போது ஃபில்டருக்குள்ள அழுத்தம் கம்மியா இருக்கும், அப்போ தண்ணி ஆவியாவே கடந்து போயிடும். ஃபில்டருக்குப் பின்னாடி ஒரு பிரஷர் மெயின்டெய்னிங் வால்வு இருந்தா அது உள்ளே எப்பவும் 150 பார் மாதிரி நிறுத்தி வைக்கும். இல்லைன்னா சிலிண்டரை முழுசா காலி பண்ணாதீங்க, 150-ல மறுபடி மாட்டுங்க. ஃபில்டர் போட்டாலும் யோங் ஹெங் ரகக் காற்றை யாரும் சுவாசிக்கக் கூடாது. "ஸ்கூபா டேங்க்கும் நிரப்பித் தர்றேன்"னு நண்பனுக்கு வாக்கு கொடுத்துடாதீங்க.

பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். 300 பார்ல நிரம்பின 6.8 லிட்டர் சிலிண்டர்ல அடங்கியிருக்கிற சக்தி சுமார் 400 கிலோஜூல். ஒரு டன் காரை 40 மீட்டர் உயரத்துல, அதாவது பதிமூணு மாடி உயரத்துல தூக்கி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அது உங்க கிளப் ரூம் மூலையில சும்மா நிக்குது. பர்ஸ்ட் டிஸ்க் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வாங்காதீங்க. பர்ஸ்ட் டிஸ்க் போச்சுன்னா நாணயத்தையோ தகரத்தையோ வெட்டி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், சரியான ரேட்டிங்ல அதே டிஸ்க்கைத்தான் போடணும். ஆட்டோ கட்-ஆஃப் இருந்தாலும் ஆள் பக்கத்துலயே நிக்கணும். டீ குடிச்சிட்டு வர்றேன்னு போகக் கூடாது. நிரப்பி முடிச்சதும் ஹோஸ்ல இருக்கிற காற்றை பிளீட் பண்ணிட்டுத்தான் கழட்டணும். சிலிண்டர் இந்தியாவுல பெசோ அனுமதி பெற்றதா, கடைசி ஹைட்ரோ டெஸ்ட் தேதி என்ன, ஆயுள் முடியலையான்னு கழுத்துல இருக்கிற முத்திரையையும் லேபிளையும் பாருங்க. பழைய இரும்புக்கடைச் சிலிண்டரோட பக்கத்துல போகாதீங்க.

இன்னொண்ணு, வெல்டிங் ஷாப்ல 150 பார் ஆக்சிஜன் சிலிண்டர் சும்மாதானே இருக்கு, அதுல இருந்து ரைபிளை நிரப்பினா என்னன்னு ஒரு அதிபுத்திசாலி எல்லா காலேஜ்லயும் இருப்பான். ஆக்சிஜன் அழுத்தத்துல துளி எண்ணெய் பட்டாலும் பத்திக்கும். ரைபிள் முகத்துக்குப் பக்கத்துல வெடிக்கும். சாதாரணக் காற்றுலகூட பெட்ரோலிய கிரீஸ் ஆபத்துதான், ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

வாங்கப் போறதுக்கு முன்னாடி ஹாஸ்டல், கிளப் ரூம் சாக்கெட்டைப் பாருங்க. 1.8 கிலோவாட் மோட்டார் ஓடும்போதே 8 ஆம்பியர் மாதிரி இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு. 6 ஆம்பியர் பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டுற எண்ணம் வேண்டாம். எர்த்தோட 16 ஆம்பியர் பாயிண்ட் வேணும், பக்கத்துல பக்கெட் தண்ணி வேற இருக்கு. கனெக்‌ஷனும் பாருங்க: சிலிண்டர்ல டின் 300 வால்வு, ரைபிள் கம்பெனி தர்ற அடாப்டர், கம்ப்ரசர் ஹோஸ் முனையில ஃபாஸ்டர் கப்ளர்னு மூணும் மூணு மொழி பேசும். எது எதோட சேரும்னு பேப்பர்ல வரைஞ்சு வச்சுக்கிட்டு அடாப்டர்களையும் சேர்த்து ஆர்டர் பண்ணுங்க.

நிரப்பும்போது அவசரப்பட வேண்டாம். வேகமா ஏத்தினா சிலிண்டர் சூடாகும். 50 டிகிரியில 200 காட்டினது 30 டிகிரிக்கு ஆறினதும் 188-ல நிக்கும். லீக்னு நினைச்சு வால்வைக் கழட்டாதீங்க.

கடைசியா, மெஷின் வாங்குற அன்னைக்கே ஸ்பேர் பாக்கெட்டும் வாங்குங்க: பிஸ்டன் ரிங், ஓ-ரிங் செட், பர்ஸ்ட் டிஸ்க் ரெண்டு மூணு, மாலிக்யூலர் சீவ் ஒரு டப்பா, மேனுவல் சொல்ற எண்ணெய். புது எண்ணெய் மெஷின்ல முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாத்தணும், தேய்ஞ்ச உலோகத் தூள் அதுலதான் வரும். ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டி மெஷின்லயே தொங்க விடுங்க: தேதி, ஓடின நிமிஷம், எத்தனை பார், யார் ஓட்டினது. நீங்க பாஸ் அவுட் ஆன அப்புறம் அந்த மெஷினைத் தொடப் போற ஜூனியருக்கு ஃபில்டர் எப்போ மாத்தினதுன்னு தெரிய வேற வழி கிடையாது.