விடுகைப் பத்திரம் கேட்டு வருபவர்கள்

எல்ல.

அன்புள்ள மகளுக்கு, பெரியப்பா எழுதுவது.

நியமனக் கடிதம் கிடைத்த செய்தியை அம்மா போனில் சொன்னாள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்தவள் எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே வருகிறாய் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். "தரம் 11 வரைதான் இருக்கிறது, எப்போது பதுளை டவுனுக்கு மாற்றம் கேட்கலாம்" என்று நீ விசாரித்ததையும் சொன்னாள். காலம் வரும்போது கேள், அது உன் உரிமை. அதற்குமுன், நீ வந்து சேரும் இடம் எப்படிப்பட்டது என்பதை இவ்வளவு காலம் இங்கே படிப்பித்தவன் சொல்லிவிடுகிறேன்.

எல்லக் கோட்டம் பண்டாரவளை வலயத்தைச் சேர்ந்தது. பதுளை, வெலிமடை, பசறை, மஹியங்கனை, வியலுவ என்று மாவட்டத்தில் வேறு வலயங்களும் உண்டு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மாகாணத்தின் கையில். தேசிய பாடசாலைகள் மட்டும் கொழும்பு அமைச்சின் கீழ். நமது வலயத்துக்கு ஊரார் தெரிவு செய்யும் சபையும் இல்லை, வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளர் ஓர் அரச அதிகாரி. ஆசிரியரும் பணமும் மேலிருந்து வந்தால்தான் அவர் பகிர்ந்து கொடுக்கலாம். ஊவா மாகாண சபையின் காலமும் 2019இல் முடிந்துபோனது, அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. அதனால் பெற்றோர் போய்க் கேட்பதற்கு ஆள் குறைவு. அவர்களுக்குத் தெரிந்த அரசாங்கம் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நீதான்.

பள்ளிக்கூடங்களை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்திருப்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்திருப்பாய். இங்கே அதைத் தோட்டத்துப் பிள்ளையின் கால்களை வைத்துப் படி. வகை 3 சிறிய பள்ளிக்கூடம். பெரும்பாலும் தரம் 5 வரைதான். லயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகள் நடந்தே வருவார்கள். தரம் 6க்கு வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டும். வகை 2இல் சேர்ந்தால் சாதாரண தரத்தோடு அதுவும் முடிந்துவிடும். உயர்தரத்தில் கலையோ வர்த்தகமோ படிக்க 1சி போதும். விஞ்ஞானமும் கணிதமும் படிக்க வேண்டுமானால் 1ஏபிக்குப் போக வேண்டும். அதிலும் தமிழ் மொழியில் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும். அவை மிகச் சில, அநேகமாக டவுனில். ஆக ஒரு பிள்ளை பதின்மூன்று ஆண்டு படித்து முடிக்க மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. டவுனில் பிறந்த பிள்ளைக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். நம் பிள்ளைகளில் பலர் நிற்பது பாடத்தில் தோற்று அல்ல, இந்த மாற்றங்களின் நடுவில்தான்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் விட்டது. துரைமார் நடத்திய பள்ளிக்கூடம் என்றால் ஒரு அறை, ஒரு வாத்தியார், எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குப் படிப்பு. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்து நாடே மாறியபோதும் தோட்டம் அதற்கு வெளியில்தான் கிடந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே பள்ளிக்கூடங்களும் ஒவ்வொன்றாக அரசிடம் வந்தன. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுக்கு முன்பே திறந்த கதவு அது. அந்த முப்பது ஆண்டை நம் ஆசிரியர்கள் இன்னும் ஓடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2014ஐ அடுத்த ஆண்டுகளில் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு உதவி ஆசிரியர்களாகச் சேர்ந்து, தோட்டப் பள்ளிக்கூடங்களைத் தாங்கிப் பிடித்த பிள்ளைகளை நான் மிகவும் மதிக்கிறேன். உன் பள்ளிக்கூடத்திலும் அப்படி வந்தவர்கள் இருக்கலாம். கல்லூரிப் பட்டயம் உன் கையில் இருக்கிறது என்பதற்காக அவர்களைக் குறைவாக நினைத்துவிடாதே.

எல்லவுக்கென்று தனியாக ஒரு கஷ்டமும் இருக்கிறது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. தரம் 9, 10 படிக்கும் பையன் சனி, ஞாயிறில் கெஸ்ட் ஹவுஸில் பை தூக்குவான், தம்பிலி விற்பான், மலைக்கு வழி காட்டுவான். கையில் காசு வரும். இங்கிலீஷும் கொஞ்சம் வரும். அம்மா மலையில் பல நாள் கொழுந்தெடுத்துச் சம்பாதிப்பதை அவன் சில நாளில் சம்பாதித்து விடுகிறான். பிறகு திங்கட்கிழமை வகுப்பில் அவன் இடம் காலியாக இருக்கும். அவனைத் திட்டாதே. வேலை செய்வது பாவமில்லை, அந்த வீட்டின் கஷ்டம் அவனுக்குத்தான் தெரியும். ஆனால் 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்று 2016 முதல் விதி இருக்கிறது. வீட்டுக்குப் போய் அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பேசு. ஹோட்டல் வேலையிலேயே மேலே வர நினைத்தாலும் பல பயிற்சி நெறிகளின் கதவு சாதாரண தரம் முடித்தவனுக்குத்தான் திறக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டு. அவர்களுக்குக் கணக்கு நன்றாகவே புரியும்.

இனி, நீ செய்ய வேண்டியதாக நான் நினைப்பது. யாராவது விடுகைப் பத்திரம் கேட்டு வந்தால், "அடுத்து எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேள். பதில் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை விட்டுவிடாதே. அதிபரிடம் சொல்லி அடுத்த பள்ளிக்கூடத்தின் அதிபரோடு பேசச் செய். தேவைப்பட்டால் நீயே கூட்டிக்கொண்டு போ. தெமோதரை, எல்ல, கித்தல்எல்ல, ஹீல்ஓயா பிள்ளைகளுக்கு ரயில் இருக்கிறது. சீசன் எடுத்தால் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய் வரலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டு. தோட்டத்தில் பலருக்குச் சொந்த விலாசம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கேயே கிடக்கும். பரீட்சை அனுமதி அட்டையும் பல்கலைக்கழகக் கடிதமும் அப்படித்தான் வரும். யார் வீட்டுக் கடிதம் எங்கே போகிறது என்று தெரிந்து வைத்துக்கொள். சாதாரண தரத்துக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தரம் 9இலேயே பார்த்துவிடு. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

கணிதத்தை மட்டும் கைவிடாதே. நீ கணித ஆசிரியை இல்லாவிட்டாலும் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் போகிறது. மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளையும் அதில் ஒன்று. அந்த ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்கும் உரியது. ஆனால் விஞ்ஞானப் பிரிவில் பரீட்சை எழுத நம் பிள்ளை போய்ச் சேராவிட்டால் அதன் பலன் லயத்துக்கு வராது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் இருந்து பதுளையிலேயே இருக்கிறது. வசதி கிடைத்தால் உயர் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

டவுன் பள்ளிக்கூடங்களில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018 ஜனவரியில், ஒரு பிள்ளையைச் சேர்க்கும் விவகாரத்தில், பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபரை அன்றைய முதலமைச்சர் முழங்காலில் இருத்திய செய்தி நாட்டையே உலுக்கியது. அப்போது நம் சமூகம் ஒன்றாக எழுந்து நின்றது. அந்த அம்மா காத்தது விதியை. நீயும் விதியைப் படி. சுற்றறிக்கை சிங்களத்தில் வந்தால் சிங்களம் படித்து வாசி. விதி தெரிந்த ஆசிரியையை யாரும் எளிதில் மிரட்ட முடியாது.

ஒரு கொப்பி வாங்கி வைத்துக்கொள். இந்த ஆண்டு தரம் 5இலிருந்தும் தரம் 11இலிருந்தும் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், அதற்கு நேரே அடுத்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுது. மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதும் நாளில் அந்தக் கொப்பியை உனக்குப் பிறகு வருபவரின் கையில் கொடுத்துவிட்டுப் போ. அடுத்த பள்ளிக்கூடம் எழுத முடியாமல் விட்ட இடங்கள் இருந்தால் எனக்குச் சொல். பண்டாரவளையிலும் பதுளையிலும் எனக்குத் தெரிந்த அதிபர்கள் இருக்கிறார்கள், நான் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா